வெறுங்கால்ல வெளிய போனா ஏன் ஒரு மாதிரி பாக்குறாங்க?

கேட்ட தம்பி சொன்ன விஷயத்த முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். பெங்களூர்ல ஐடி வேலை, காலைல பார்க்ல வெறுங்கால்ல நடக்க ஆரம்பிச்சு இப்ப தெருமுனை கடைக்கும் அப்படியே போய் பழகிட்டார். ஒரு மால்ல செக்யூரிட்டி உள்ள விடல. ஊருக்கு போனா அம்மா "பிச்சைக்காரன் மாதிரி திரியாத, நாலு பேரு என்ன நெனப்பாங்க"ன்னு சத்தம் போடறாங்க. ஆனா அதே அம்மா, சுகர் இருக்குறவங்க, வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு பழனிக்கு செருப்பில்லாம நடந்து போறாங்க. இது என்ன நியாயம், இதுக்கு சட்டம் இருக்கா, உடம்புக்கு நல்லதா கெட்டதா, இதான் கேள்வி.

நான் பிசியோதெரபிஸ்ட், வேலை பெரும்பாலும் சுகர்காரங்களோட காலோடதான். அதனால கால பத்தி எனக்கு சொல்ல நிறைய இருக்கு, கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

சட்டத்த முதல்ல முடிச்சுடலாம், அதுல பெருசா ஒண்ணும் இல்ல. நம்ம நாட்டுல பொது ரோட்டுல செருப்பு போடாம நடக்கக்கூடாதுன்னு சட்டம் எதுவும் கிடையாது. 2019ல மோட்டார் வாகன சட்டத்த திருத்தினப்போ செருப்பு போட்டு பைக் ஓட்டினாலே ஃபைன்னு வாட்ஸ்அப்ல சுத்துச்சு, அப்படி எதுவும் இல்லன்னு மத்திய அமைச்சர் ஆபீஸே விளக்கம் கொடுத்தாங்க. மால் தனியார் இடம், அவங்க வாசல்ல அவங்க ஒரு ரூல் வெச்சுக்கலாம். 2014ல சென்னைல கிரிக்கெட் சங்க கிளப்ல ஒரு ஹைகோர்ட் ஜட்ஜையே வேட்டி கட்டிட்டு வந்தார்னு வாசல்ல நிறுத்தினாங்களே, அதுக்கப்புறம் சட்டசபைல சட்டம் போட்டு வேட்டியோட வர்றவங்கள கிளப்ல தடுக்கக்கூடாதுன்னு ஆக்கினாங்க. ஆனா அது உடைக்கு வந்த பாதுகாப்பு. வெறுங்காலோட வர்றவனுக்கு அதுல இடம் இருக்குன்னு நினைச்சு செக்யூரிட்டிகிட்ட சண்டைக்கு போகாதீங்க, பாவம் அவர் மேல இருக்குறவங்க சொன்னத செய்யறார்.

இப்ப பெரிய விஷயத்துக்கு வர்றேன். அதே மால் வாசலுக்கு கார்த்திகை மாசம் கருப்பு வேட்டி கட்டி, கழுத்துல துளசி மணி, நெத்தில சந்தனத்தோட ஒருத்தர் வெறுங்கால்ல வந்தா அநேகமா "சாமி வாங்க"ன்னு வழி விடுவாங்க. ஒரு மண்டலம், 41 நாள், ஆபீஸ், பேங்க், பஸ், எல்லா எடத்துக்கும் செருப்பில்லாம போறாங்க, யாரும் முகம் சுளிக்கறதில்ல. அழுக்கு ஒண்ணுதான், தரை ஒண்ணுதான், கால் ஒண்ணுதான். என்ன வித்தியாசம்னா அவர் ஏன் செருப்பு போடலன்னு பாக்குறவனுக்கு உடனே தெரியுது. உங்களுக்கு ஏன்னு தெரியல. காரணம் தெரியாத வெறுங்கால நம்ம ஊரு கண்ணு ஒரே ஒரு மாதிரிதான் படிக்கும், இவனுக்கு வாங்க வழியில்ல. உங்க அம்மா பயப்படறது அதுக்குத்தான். அந்த பயம் சும்மா வந்தது இல்ல, அதுக்கு பின்னாடி ரொம்ப கசப்பான வரலாறு இருக்கு, அத தெரிஞ்சுக்காம "அம்மா பழைய பஞ்சாங்கம்"னு ஒதுக்கிடாதீங்க.

திங்கக்கிழமை மனு கொடுக்குற நாள்ல ஏதாவது ஒரு கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய் நின்னு கீழ பாருங்க. யாரும் கழட்ட சொல்லியிருக்க மாட்டாங்க, போர்டும் இருக்காது, ஆனா கிராமத்துல இருந்து வந்த வயசானவங்க அதிகாரி ரூமுக்கு வெளில செருப்ப விட்டுட்டு, மனுவ ரெண்டு கையால புடிச்சுட்டு உள்ள போவாங்க. உள்ள இருக்குற எல்லாரும் ஷூ போட்டிருப்பாங்க. கோட்டு சூட்டு போட்டு வர்ற கான்ட்ராக்டர் ஷூவோட உள்ள போவார். இது கோயில்ல கழட்டுற மாதிரி இல்ல, ஏன்னா கோயில்ல எல்லாரும் கழட்டறோம். ஒருத்தர் மட்டும் கழட்டி இன்னொருத்தர் கழட்டாம இருந்தா அங்க யாரு மேல யாரு கீழன்னு தரையிலேயே எழுதி வெச்ச மாதிரி.

வெள்ளைக்காரன் இத நல்லா புரிஞ்சு வெச்சிருந்தான். கிழக்கிந்திய கம்பெனி அதிகாரிங்க முன்னாடி இந்தியர்கள் காலணிய கழட்டிட்டு வரணும்னு வழக்கம் இருந்துச்சு, 1854ல டல்ஹௌசி கவர்னர் ஜெனரலா இருந்தப்போ ஒரு தளர்வு கொடுத்தாங்க, அரசாங்க நிகழ்ச்சிக்கு ஐரோப்பிய மாதிரி பூட்ஸ், ஷூ போட்டு வர்ற இந்திய கனவான்கள் அதோடயே இருக்கலாம்னு. நாட்டு செருப்பு போட்டு வந்தவருக்கு அந்த சலுகை இல்ல, பழையபடி வாசல்ல கழட்டணும். ரெண்டும் தோல்தான்.

ஆனா வெள்ளைக்காரன் செஞ்சத விட நம்மாளு நம்மாளுக்கு செஞ்சது கொடுமை. 1930 டிசம்பர்ல ராமநாதபுரம் பகுதில ஆதிக்க சாதிக்காரங்க ஆதிதிராவிட மக்களுக்கு எட்டு தடை விதிச்சாங்க, 1931 சென்சஸ் கமிஷனரா இருந்த ஹட்டன் அத தன் புத்தகத்துல பதிவு பண்ணியிருக்கார். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது, ஆம்பளைங்க முட்டிக்கு கீழ துணி தொங்க கட்டக்கூடாது, சட்ட பனியன் போடக்கூடாது, மண்பானை தவிர வேற பாத்திரம் வெச்சுக்கக்கூடாது, பொம்பளைங்க மார மறைக்கக்கூடாது, இப்படி போற பட்டியல்ல எட்டாவது, ஆம்பளைங்க வெயிலுக்கும் மழைக்கும் குடை புடிக்கக்கூடாது, காலுக்கு செருப்பு போடக்கூடாது. ராமநாதபுரத்து வெயில் எப்படின்னு தெரிஞ்சவங்களுக்கு அந்த கடைசி வரிய படிச்சா வயிறு எரியும். மானத்த மட்டும் இல்ல, உள்ளங்கால் தோலையும் சேத்து எடுத்துக்கிட்டாங்க.

அது அந்த காலம்னு சொல்லி தள்ள முடியாது. வன்கொடுமை தடுப்பு சட்டத்த 2015ல திருத்தினப்போ, பட்டியல் சாதி, பழங்குடி மக்கள பொது இடத்துல செருப்பு போடவோ, புது துணி உடுத்தவோ, சைக்கிள் பைக் ஓட்டவோ, கல்யாண ஊர்வலம் போகவோ விடாம தடுக்கறது குற்றம்னு தனியா எழுதி சேர்த்தாங்க. நடக்காத ஒண்ணுக்கு யாரும் சட்டத்துல வரி எழுத மாட்டாங்க. அதுக்கும் அப்புறம், 2023 டிசம்பர்ல, திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் தாலுகா ராஜாவூர்ல ஒரு தெருவுல தலித் மக்கள் சுமார் 60 பேர் முதல் தடவையா செருப்பு போட்டு நடந்தாங்க, தீண்டாமை ஒழிப்பு முன்னணிக்காரங்க கூட இருந்தாங்க, போலீஸ் பாதுகாப்புக்கு நின்னுச்சு. அது வரைக்கும் அந்த தெரு வந்தா செருப்ப கழட்டி கையில எடுத்துக்கணும். திருப்பூர், உலகத்துக்கே பனியன் அனுப்பற ஊரு. அந்த மாவட்டத்துல ஒரு மனுஷன் தன் சொந்த செருப்ப சொந்த ஊர் தெருவுல போட்டு நடந்தது பேப்பர்ல செய்தி.

அதனாலதான் நான் உங்ககிட்ட கொஞ்சம் அழுத்தி சொல்றேன், செருப்ப வேண்டாம்னு கழட்டி வைக்க உங்களால முடியுது, ஏன்னா போடறதுக்கு உங்கள யாரும் தடுக்கல. பல குடும்பத்துல முதல் செருப்பு வாங்கினது தாத்தா காலத்து, அப்பா காலத்து கதை, அத அவங்க பெருமையா சொல்லுவாங்க. பிரேசில்லயும் இதே கதை, அடிமைகளுக்கு செருப்பு கிடையாது, விடுதலை ஆனவங்க காசு சேத்து முதல்ல வாங்கினதுல ஒண்ணு ஷூ. கால் பழகாததால போட முடியலன்னா கூட கையில தூக்கிட்டாவது ஊருக்குள்ள நடப்பாங்களாம்.

இப்ப வெளிநாட்டு பக்கம் வாங்க, நீங்க கேக்காம விட்டத நானே சொல்றேன். நியூசிலாந்துல சூப்பர்மார்க்கெட்ல பால் வாங்க வர்றவன், பெட்ரோல் பங்க்ல நிக்கறவன், ஸ்கூலுக்கு போற புள்ள, பல பேர் வெறுங்கால்ல இருப்பாங்க, அங்க இருக்குற நம்ம ஆளுங்க முதல் தடவ பாத்துட்டு ஆச்சரியப்படுவாங்க. சின்ன பசங்க ரக்பி மேட்ச் கூட பூட்ஸ் இல்லாம ஆடுவாங்க. ஆஸ்திரேலியால கடற்கரை ஊருங்கள்லயும், தென்னாப்பிரிக்கால வெள்ளைக்கார பிள்ளைங்க படிக்கற பள்ளிக்கூடங்கள்லயும் கூட இது சகஜம். வறுமைன்னு யாரும் நினைக்க மாட்டாங்க. அங்க வெறுங்கால்னா கடற்கரை, லீவு, புல்தரை.

அமெரிக்கா போனா தலைகீழ். கடை வாசல்ல "சட்டை இல்ல, ஷூ இல்லன்னா, சர்வீஸ் இல்ல"ன்னு போர்டு. பல பேர் அது சுகாதார சட்டம்னு நம்பறாங்க. கடைக்கு வர்ற வாடிக்கையாளர் கட்டாயம் ஷூ போடணும்னு அங்க மத்திய சட்டம் கிடையாது, வெறுங்கால்ல கார் ஓட்டறது கூட 50 மாநிலத்துலயும் குத்தம் இல்ல. அந்த போர்டு பரவலா வந்தது 1960களோட கடைசி, 70களோட தொடக்கத்துல, நீள முடியும் வெறுங்காலுமா சுத்தின ஹிப்பி பசங்கள கடைக்குள்ள விடாம இருக்கறதுக்கு. சுகாதாரம்ங்கற பேச்சு அது மேல ஒட்டிக்கிட்டது. ஒஹையோ மாநிலத்துல கொலம்பஸ் நகர லைப்ரரில ஒருத்தர வெறுங்கால்ல வந்தார்னு வெளியேத்தினாங்க, அவர் கோர்ட்டுக்கு போனார், 2003ல ஃபெடரல் அப்பீல் கோர்ட் லைப்ரரி பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. படிக்க வர்ற உரிமை அவருக்கு இருக்கு, ஆனா கண்ணாடி துண்டு மாதிரி ஏதாவது குத்தி அடிபடாம இருக்கவும், அடிபட்டா லைப்ரரி மேல கேஸ் வராம இருக்கவும் ஷூ ரூல் நியாயம்தான்னு சொன்னாங்க. உங்க மால்காரங்க மனசுலயும் அநேகமா இதான் இருக்கும், எஸ்கலேட்டர்ல விரல் மாட்டிச்சுன்னா யாரு பதில் சொல்றது.

ஆனா அமெரிக்கால அந்த வெறுப்போட வேர் ஹிப்பிக்கு முன்னாடியே இருக்கு, அதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படற கதை, ஏன்னா அதுல நம்ம ஜனமும் வர்றாங்க. 1900 வாக்குல தெற்கு மாநிலங்கள்ல ஏழை விவசாயிங்க, வெள்ளைக்காரங்களும் கறுப்பினத்தவங்களும், வெளிறி போய், வயிறு உப்பி, வேலை செய்ய தெம்பில்லாம இருப்பாங்க. சோம்பேறி ஜனம்னு ஊரே பேசும். சார்ல்ஸ் ஸ்டைல்ஸ்ங்கற விஞ்ஞானி அது கொக்கிப்புழுன்னு கண்டுபிடிச்சு சொன்னார், பத்திரிகைங்க அதுக்கு சோம்பேறி கிருமின்னே பேர் வெச்சுட்டாங்க. 1909ல பெரும் பணக்காரர் ராக்கஃபெல்லர் 10 லட்சம் டாலர் கொடுத்து ஒரு கமிஷன் அமைச்சார், 11 மாநிலத்துல பரிசோதனை பண்ணாங்க, ஸ்கூல் வயசு பிள்ளைங்கள்ல சுமார் 40 சதவீதம் பேருக்கு புழு இருந்துச்சு.

அந்த புழு எப்படி ஏறும்னு தெரிஞ்சுக்கங்க. வெட்டவெளில மலம் கழிச்ச ஈர மண்ணுல முட்டை பொரிஞ்சு கண்ணுக்கு தெரியாத குட்டி புழு ஆகும். வெறுங்கால் அந்த மண்ண மிதிச்சா விரல் இடுக்குல தோல துளைச்சு உள்ள போயிடும், அந்த எடத்துல ரெண்டு நாள் அரிப்பு. அங்கிருந்து ரத்தத்தோட நுரையீரலுக்கு, நுரையீரல்ல இருந்து தொண்டைக்கு, எச்சிலோட முழுங்கி குடலுக்கு. குடல் சுவர கவ்விக்கிட்டு ரத்தம் உறிஞ்சும், வருஷக்கணக்கா. சோம்பேறித்தனம்னு திட்டு வாங்கினதெல்லாம் ரத்தசோகை. கக்கூஸ் கட்டினாங்க, மருந்து கொடுத்தாங்க, ஷூ போடுங்கன்னு பிரச்சாரம் பண்ணாங்க. நோய் குறைஞ்சது நல்ல விஷயம். கூடவே வெறுங்கால்னா ஏழை, அழுக்கு, நோய், மந்தபுத்தின்னு ஒரு முத்திரையும் குத்தி விட்டாங்க, அது நூறு வருஷம் ஆகியும் போகல.

அதே ராக்கஃபெல்லர் ஆளுங்க 1916ல இலங்கைக்கு வந்து தோட்டங்கள்ல கொக்கிப்புழு வேலைய ஆரம்பிச்சாங்க, அங்க நோய் புடிச்சு கிடந்தது யாரு, நம்ம ஜில்லாக்கள்ல இருந்து கப்பலேத்தி கொண்டு போன தமிழ் தொழிலாளிங்க. லயம்னு சொல்ற வரிசை வீட்டுல ஒரு ரூம்ல ஒரு குடும்பம், கக்கூஸ் கிடையாது, தேயிலை செடிக்கு நடுவுலதான் எல்லாம், அதே ஈர மண்ணுல காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் வெறுங்கால்ல கொழுந்து கிள்ளணும். அப்படி ஒரு எடத்துல வாழ வெச்சுட்டு, கூலிங்களுக்கு சுத்தம் தெரியலன்னு எழுதினா அது எவ்வளவு பெரிய அநியாயம். மலம் கொட்டற எடத்த சரி பண்ணியிருந்தா அந்த மண்ணு அந்த கால ஒண்ணும் செஞ்சிருக்காது. இன்னிக்கும் நம்ம ஊர் ஸ்கூல்ல பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகள ஒட்டி குடற்புழு மாத்திரை கொடுக்குறாங்களே, அல்பெண்டசோல், சப்பி முழுங்கற மாத்திரை, அது இந்த புழுவுக்கும் சேத்துத்தான்.

வெறுங்கால் அவமானமா பெருமையாங்கறது ஒரே ஆளுக்கே எடத்துக்கு எடம் மாறும். 1911ல மோகன் பகான் ஃபுட்பால் டீம் கல்கத்தால ஐஎஃப்ஏ ஷீல்டு ஃபைனல்ல பூட்ஸ் போட்ட வெள்ளைக்கார ரெஜிமெண்ட் டீம 2-1ல ஜெயிச்சுது, ஒருத்தர தவிர அத்தன பேரும் வெறுங்கால், ஊரே கொண்டாடுச்சு. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்லயும் நம்மாளுங்க பெரும்பாலும் வெறுங்கால்ல ஆடி ஃபிரான்ஸ்கிட்ட 2-1ல தோத்தாங்க, ரெண்டு பெனால்டிய விட்டதுதான் காரணம், காலு இல்ல. 1952 ஹெல்சிங்கில யூகோஸ்லாவியாகிட்ட 10-1 வாங்கினதுக்கு அப்புறம்தான் பூட்ஸ் கட்டாயம் ஆச்சு. 1950 உலகக்கோப்பைக்கு நம்ம போகாததுக்கு வெறுங்கால் தடைதான் காரணம்னு இன்னும் சொல்லிட்டு இருக்காங்க, அதுல ஆட வேண்டிய கேப்டன் சைலன் மன்னாவே அது காரணம் இல்லன்னு சொல்லியிருக்கார். எத்தியோப்பியாவோட அபெபே பிகிலா 1960 ரோம்ல வெறுங்கால்ல மாரத்தான் ஜெயிச்சார், 1964 டோக்கியோல ஷூ போட்டும் ஜெயிச்சார், ரெண்டுமே அப்ப உலகத்துலயே வேகமான நேரம். முதல் படத்த மட்டும் எல்லாரும் மாட்டி வெச்சிருக்காங்க.

ஓவியர் எம்.எஃப்.ஹுசைன் 1964ல இந்தி கவிஞர் முக்திபோத் இறந்தப்போ செருப்ப விட்டவர், அதுக்கப்புறம் உலகம் பூரா வெறுங்கால்தான். 1988ல பம்பாய்ல ஒரு பெரிய கிளப்ல அவரையே உள்ள விடல. 2021 நவம்பர்ல கர்நாடகாவோட துளசி கௌடா அம்மா, ஆயிரக்கணக்குல மரம் வளர்த்தவங்க, ராஷ்டிரபதி பவன் சிவப்பு கம்பளத்துல வெறுங்கால்ல நடந்து போய் பத்மஸ்ரீ வாங்கினாங்க, நாடே அந்த போட்டோவ ஷேர் பண்ணி கண்கலங்குச்சு. நானும் கலங்கினேன். ஆனா அந்த அம்மா மெடல் இல்லாம அதே சேலையோட உங்க மால் வாசல்ல வந்து நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சு பாருங்க. ஷேர் பண்ணவங்கள்ல எத்தன பேர் ஒதுங்கி போயிருப்போம்.

சரி, உடம்புக்கு வர்றேன். இதுல ரெண்டு பக்கமும் உண்மை இருக்கு, யாருக்கு எதுன்னு பிரிச்சு பாக்கணும்.

குழந்தைங்களுக்கு வெறுங்கால் நல்லது. கர்நாடகா எலும்பு டாக்டருங்க ராவும் ஜோசப்பும் 2300 குழந்தைங்களோட பாதத்த தடம் எடுத்து பாத்து 1992ல கட்டுரை போட்டாங்க. ஷூ, செருப்பு போட்டு வளந்த பிள்ளைங்கள்ல 8.6 சதவீதம் பேருக்கு தட்டைப் பாதம், போடாம வளந்தவங்கள்ல 2.8 சதவீதம்தான். முன்னாடி மூடின ஷூ போட்டவங்களுக்குத்தான் அதிகம். பாதத்துக்குள்ள சின்ன சின்ன தசை நிறைய இருக்கு, மேடு பள்ளம் மிதிச்சாத்தான் அதுக்கு வேலை. அதனால வீட்டுக்குள்ள, மொட்டைமாடில, மணல்ல பிள்ளைங்கள அவுத்து விடுங்க, எல்கேஜி பிள்ளைக்கு நாள் பூரா இறுக்கமான பிளாக் ஷூ மாட்டறது எனக்கு புடிக்கவே புடிக்காது.

பெரியவங்க ஓடற விஷயத்துல 2010ல லீபர்மேன்ங்கற ஹார்வர்டு புரொஃபசர் கென்யா ஓட்டக்காரங்கள வெச்சு ஒரு ஆராய்ச்சி போட்டார், வெறுங்கால்ல ஓடி பழகினவங்க குதிகால் இடிக்காம முன்பாதத்துல இறங்கறாங்க, அதிர்ச்சி கம்மின்னு. உடனே உலகம் பூரா ஒரு அலை. விரல் விரலா இருக்குற ஷூ வித்த வைப்ரம் கம்பெனி தசைய பலப்படுத்தும், அடிபடாதுன்னு விளம்பரம் பண்ணி, கேஸ் ஆகி, 2014ல 37.5 லட்சம் டாலர் கொடுக்க ஒத்துக்கிட்டாங்க. முப்பது வருஷம் ஷூக்குள்ள இருந்த காலு ஒரே மாசத்துல மாறாது, அவசரப்பட்டா பாத எலும்புல விரிசல் வரும், கெண்டைக்கால் புடிச்சுக்கும். நீங்க நல்ல ஆரோக்கியமா இருக்கீங்க, மெதுவா பழகியிருக்கீங்க, பார்க்ல நடங்க, ஒண்ணும் தப்பில்ல. டெட்டனஸ் வராம இருக்க டிடி ஊசி போட்டு வெச்சுக்கங்க, ராத்திரி உள்ளங்கால கழுவி வெளிச்சத்துல ஒரு தடவ பாருங்க. ஊருக்கு போனா இருட்டினதுக்கு அப்புறம் வரப்பு, வைக்கோல்போர் பக்கம் மட்டும் வெறுங்கால் கூடவே கூடாது. 2000ல இருந்து 2019 வரைக்கும் இந்தியால பாம்புக்கடில சுமார் 12 லட்சம் பேர் செத்திருக்காங்க, கிராமத்து ஜனம்தான் அதிகம், கடி பெரும்பாலும் கால்லதான். ஒரு பூட்ஸும் டார்ச்சும் இருந்தா தப்பிச்சிருக்க வேண்டிய உயிர் அதுல எவ்வளவோ.

இப்ப உங்க அம்மா. எனக்கு உங்கள விட அவங்க கால பத்திதான் கவலை. நாட்டுல 10 கோடி பேருக்கு மேல சுகர்னு மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஐசிஎம்ஆர் சர்வே 2023ல சொல்லுச்சு. சுகர் வருஷக்கணக்கா இருந்தா கால் நரம்பு மரத்து போகும், அது வலிக்காம நடக்கறதால யாருக்கும் தெரியாது. எங்க கிளினிக்ல ஒரு நைலான் இழை வெச்சிருப்போம், தூண்டில் நரம்பு மாதிரி, 10 கிராம் அழுத்தத்துல வளையறது. கண்ண மூட சொல்லி, பெருவிரல் நுனி, விரல் அடி மேடுன்னு ஒவ்வொரு எடமா அது வளையற வரைக்கும் அழுத்தி "இப்ப தெரியுதா?"ம்போம். மரத்து போனவங்க இழை வளைஞ்சு நிக்கும்போதும் "இன்னும் வைக்கலியே சார்"ம்பாங்க. கூட வந்த பொண்ணு அத பாத்து வாய பொத்திக்கும். சில பேருக்கு நடந்து வரும்போதே ஒரு கால் செருப்பு கழண்டு வராந்தால கிடக்கும், அவங்களுக்கு தெரியாது, அதே நடையோட உள்ள வந்துடுவாங்க.

அப்படி ஒரு காலோட மத்தியானம் 12 மணிக்கு கோயில் பிராகாரத்து கருங்கல்ல சுத்தினா என்ன ஆகும். பக்கத்துல இருக்கறவங்க ஆ ஊன்னு தாண்டி குதிச்சு நிழலுக்கு ஓடுவாங்க, இவங்க நிதானமா மூணு சுத்து முடிப்பாங்க. வீட்டுக்கு வந்து சாயங்காலம் பாத்தா உள்ளங்கால்ல கொப்புளம். சித்திரை, வைகாசில இப்படி வந்தவங்கள நான் நிறைய பாத்திருக்கேன், கொப்புளம் புண்ணாகி, சீழ் வெச்சு, விரல் எடுக்கற வரைக்கும் போனதும் உண்டு. அத்தன பேரும் சொல்றது ஒண்ணுதான், "வலிச்சிருந்தா நின்னுருப்பேனே." இப்ப பல கோயில்ல தென்னைநார் விரிப்பு போட்டு தண்ணி தெளிக்கறாங்க, வெள்ளை பெயிண்ட் அடிக்கறாங்க, ரொம்ப நல்ல வேலை அது.

வலி தெரியாததுதான் கால கெடுக்குதுன்னு உலகத்துக்கே புரிய வெச்சதுல நம்ம வேலூருக்கு பெரிய பங்கு. பால் பிராண்டுனு ஒரு டாக்டர் 1946ல சிஎம்சிக்கு வந்தார், தொழுநோயாளிங்க கைகால் நோயால தானா அழுகல, மரத்து போனதால அடிபட்டு அடிபட்டு போகுதுன்னு காட்டினார். அவங்களுக்காக மெத்துனு ரப்பர் வெச்சு செருப்பு செஞ்சு பாத்தாங்க, அந்த வழில வந்ததுதான் இன்னிக்கு சுகர்காரங்களுக்கு எழுதி கொடுக்கற எம்சிஆர் செருப்பு. அத போட்டா நோய் வெளில தெரிஞ்சுடும்னு வெக்கப்பட்டு பையில வெச்சுட்டு வெறுங்கால்ல வர்றவங்க இருக்காங்க. நாலு பேர் என்ன நெனப்பாங்கங்கற அதே பயம், இந்த தடவ செருப்பு போடறதுக்கு.

அதனால அம்மாகிட்ட போய் "நீங்க மட்டும் பழனிக்கு வெறுங்கால்ல போலாமா"ன்னு வாதாடாதீங்க, அது அவங்க வேண்டுதல், அவங்க நம்பிக்கை, அத கேலி பண்ணா கேக்க வேண்டியதையும் கேக்க மாட்டாங்க. முதல்ல கூட்டிட்டு போய் அந்த இழை டெஸ்ட் எடுங்க, பத்து நிமிஷம் ஆகாது, கால் ரத்த ஓட்டத்தையும் சேத்து பாக்க சொல்லுங்க. ரெண்டும் சரியா இருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு, காலைல வெயில் ஏர்றதுக்குள்ள நடந்து, தார் ரோடு சுடும்போது உக்காந்து, ஒவ்வொரு மண்டபத்துலயும் யாராவது ஒருத்தர் உள்ளங்கால பாத்து போகட்டும். மரத்து போயிருந்தா ரோட்டுல வெறுங்கால் வேண்டாம், பின்னாடி வார் வெச்ச எம்சிஆர் போட்டு அடிவாரம் வரைக்கும் நடக்கட்டும், படி மட்டும் விடியக்காலைல, தரை குளிர்ந்திருக்கும்போது, காட்டன் சாக்ஸோட. முருகன் கோவிச்சுக்க மாட்டார்னு நீங்க சொன்னா எடுபடாது, அவங்க கூட நடக்கற குருசாமிய விட்டு சொல்ல வைங்க, நான் என் பேஷண்டுங்களுக்கு அப்படித்தான் செய்யறேன், கேக்கறாங்க.

நீங்க ஊர்ல இருக்கும்போது அவங்க முன்னாடி செருப்பு போட்டுக்கங்க, பெங்களூர்ல பைல ஒரு ஜோடி வெச்சுக்கிட்டு மால் வாசல்ல மாட்டிக்கங்க. தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருக்கு, டெஸ்ட்ல எந்தெந்த எடத்துல உணர்ச்சி இல்லன்னு வருதோ அத எழுதுங்க, எந்த மாதிரி செருப்பு, எங்க அளவு எடுக்கறதுன்னு சொல்றேன்.